ஒரே சட்டிக் கஞ்சி

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய விரிவுரைத் தாள்களை டவுனில் பிரிண்ட் எடுத்து வந்து இரண்டு தரம் படித்துவிட்டேன். போனில் பார்த்தால் எனக்கு எழுத்து பிடிபடுவதில்லை. தமிழைத் திருத்தித் தாருங்கள் என்றுதான் கேட்டிருந்தாய். தமிழில் பெரிய பிழை இல்லை, அங்கங்கே பென்சிலால் குறித்திருக்கிறேன். தம்பி படம் பிடித்து அனுப்புவான். ஆனால் படிக்கப் படிக்க வேறு சில விஷயங்களும் சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும் என்று எழுதுகிறேன்.

போசணையாளர்களாக வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு, குடலில் வாழும் நுண்ணங்கிகளைப் பற்றி, தமிழிலேயே இரண்டு நாள் செயலமர்வு. நான் 31 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். பெருங்குடல் என்றால் தண்ணீரை உறிஞ்சும் இடம் என்று அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அந்த அரைப் பக்கத்தை என் மகள் இரண்டு நாளுக்கு விரிக்கிறாள். பெருமையாக இருக்கிறது, அதனால்தான் குறைகளையும் விடாமல் சொல்கிறேன்.

3ஆம் பக்கத்தில், நம் உடலில் இருக்கும் கலங்களைவிடப் பற்றீரியாக்கள் பத்து மடங்கு என்று போட்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் வகுப்பில் சொல்லி வந்தேன். அது பழைய கணக்கு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 2016இல் மறுபடி கணக்குப் பார்த்தார்கள். 70 கிலோ எடையுள்ள ஒரு மனிதனுக்குப் பற்றீரியா ஏறக்குறைய 38 இலட்சம் கோடி, சொந்தக் கலங்கள் 30 இலட்சம் கோடி. கிட்டத்தட்ட சமம். எல்லாப் பற்றீரியாவையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம்தான். 'பத்து மடங்கு' கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முதல் நாள் காலையிலேயே பிழையான கணக்கைக் கொடுத்து ஆரம்பிக்க வேண்டாம்.

அப்புறம் 'கிருமி' என்ற சொல். தேயிலைத் தோட்டத்தில் சுகாதாரம் பேச வந்தவர்கள் எல்லோரும் கிருமி என்றால் கொல்ல வேண்டியது என்றே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது தேவையான பாடம்தான், அதனால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். இப்போது உன் மாணவர்கள் போய் 'வயிற்றில் நல்ல கிருமி இருக்கிறது, அதை வளர்க்க வேண்டும்' என்றால், கேட்கிற தாய் குழம்பிப் போவாள். தயிருக்கு இடுகிற உறையில் இருந்து தொடங்கச் சொல். உறை இல்லாமல் பால் தயிராகாது என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். அங்கிருந்து வயிற்றுக்குப் போவது சின்னத் தூரம்.

இதே இடத்தில் தோசையை நீ தயிரோடு சேர்த்துவிட்டாய். தோசை மாவைப் புளிக்க வைப்பது லியூக்கோநொஸ்டொக் போன்ற பற்றீரியாக்கள்தான், சரி. நம்ம ஊர்க் குளிரில் அவை லேசில் அசையாது, உன் அப்பாயி மாச்சட்டியைச் சாக்கால் சுற்றி அடுப்படியில் வைப்பாள். ஆனால் தோசைக்கல்லில் ஊற்றியதும் அவை செத்துப்போகும். புளிப்பதால் மா எளிதாகச் செமிக்கும், சத்து சேரும். உயிருள்ள பற்றீரியாவைத் தோசை கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று சொல்ல முடியாது, தயிர் சேர்க்கும். 2001இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து கூட்டிய நிபுணர்கள் புரோபயோட்டிக், அதாவது உடம்புக்கு நல்லது செய்யும் நுண்ணங்கி, எது என்று சொன்னதும் அதுதானே: உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவு இருக்க வேண்டும், நன்மை செய்ய வேண்டும்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. உன்னுடைய 14ஆம் பக்கத்துக்காக. குவாசியோக்கர், போசணை குறைந்து பிள்ளையின் உடம்பு வீங்கும் நோய்.

உன் சித்தப்பாக்களில் ஒருவர் சின்ன வயதில் இறந்துபோனார் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். நான் முழுதாகச் சொன்னதில்லை. 1974 பஞ்சம். எனக்கு அப்போது 12 வயது. ரேஷன் அரிசி குறைந்து, மாவும் கிடைக்காமல், தோட்டத்துச் சனம் டவுன் தெருவில் கையேந்தி நின்ற வருடம் அது. எங்கள் லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் நாங்கள் மூன்று ஆம்பிளைப் பிள்ளைகள், அடுத்துத் தங்கச்சி பிறந்திருந்தாள். கடைசித் தம்பிக்கு இரண்டரை வயது. தங்கச்சி வந்ததும் அவனுக்குத் தாய்ப்பால் நின்றுவிட்டது. மூன்று பேருக்கும் ஒரே சட்டிக் கஞ்சி, அப்பாயி ஒரே அகப்பையால் ஊற்றுவாள். நானும் பெரிய தம்பியும் எலும்பாகிப் போனோம், அவ்வளவுதான். சின்னவனுக்குக் காலும் முகமும் வீங்கியது. முடி செம்பட்டையானது. தோல் உரிந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான்.

டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நானும் கூடப் போனேன். அங்கே இருந்தவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு அப்பாயியிடம் கேட்டார்: "மற்ற ரெண்டும் நல்லாத்தானே நிக்குது, இதுக்கு மட்டும் சோறு போடாம விட்டியா?" அப்பாயி ஒன்றும் பேசவில்லை. தம்பி ஒன்பது நாளில் போய்விட்டான். அந்தக் கேள்வி போகவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் யாருடைய தட்டில் எவ்வளவு என்று எட்டிப் பார்ப்பாள். 2009இல் கண்ணை மூடும் வரைக்கும் அது நிற்கவில்லை.

அவள் போய் நாலு வருடம் கழித்துத்தான் மலாவி ஆய்வு வந்தது. நீதான் அப்போது கம்பஸில் இருந்து பிரதி எடுத்து வந்தாய், பரீட்சைக்கு என்று. நீ தூங்கின பிறகு நான் எடுத்துப் படித்தேன். மலாவியில் 317 சோடி இரட்டைப் பிள்ளைகளை மூன்று வயது வரை பார்த்திருக்கிறார்கள். ஒரே வீடு, ஒரே தாய், ஒரே உணவு. சில சோடிகளில் ஒரு பிள்ளைக்கு மட்டும் குவாசியோக்கர், மற்றது நன்றாக இருந்தது. அப்படியான சோடிகளின் மலத்தில் இருந்த நுண்ணங்கிகளைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்து, அந்த ஊர் உணவையே போட்டார்கள். நோயுள்ள பிள்ளையின் நுண்ணங்கிகளைப் பெற்ற எலிகள் நிறை இழந்தன. நல்ல உணவு போட்டால் மட்டும் அதே நுண்ணங்கிகள் அந்தளவு கேடு செய்யவில்லை. குறைந்த உணவும் கெட்டுப்போன குடலும் சேரும்போதுதான் பிள்ளை விழுகிறது. கச்சான் சேர்த்த சிகிச்சை உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது குடல் கொஞ்சம் தேறி, நிறுத்தியதும் பழையபடி பின்னுக்குப் போனது.

அந்த இரவு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரே சட்டிக் கஞ்சி, ஒன்று வீங்கும், ஒன்று வீங்காது. இதை அப்பாயிக்குச் சொல்ல முடிந்திருந்தால்.

குவாசியோக்கர் என்ற பேரை 1935இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் கானாவின் கா மொழியில் இருந்து எடுத்தார் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்ததுக்கு வரும் நோய் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். மகள், அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே, சவலைப் பிள்ளை. பால் மறந்த பிள்ளை சவலை பாயும் என்று நம் கிழவிகள் சொன்னார்கள். அதை அந்தப் பக்கத்தில் எழுது. தாய்ப்பாலில் பிள்ளையால் செமிக்க முடியாத சர்க்கரைகள் இருக்கின்றன, அவை குடலில் உள்ள பிபிடோபற்றீரியாவுக்கான சாப்பாடு என்று நீ 9ஆம் பக்கத்தில் சொல்கிறாய் அல்லவா, அதை இதோடு சேர்த்துச் சொல். பால் நின்றதும் பிள்ளை மட்டும் பட்டினி கிடப்பதில்லை.

உன் மாணவர்கள் தோட்டங்களுக்குத்தான் வரப்போகிறார்கள். 2016 கணக்கெடுப்பில் இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17.3 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், தோட்டப்புறத்தில் அது 31.7 சதவீதம். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு தாய் நிற்கிறாள், அவளிடம் முதல் கேள்வியை இவர்கள்தான் கேட்பார்கள். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று இரண்டு நாளில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கு. பற்றீரியாப் பேர் பத்துக் குறைந்தாலும் பரவாயில்லை.

டாக்கா ஆய்வுக்கு நீ ஒரு வரிதான் கொடுத்திருக்கிறாய், அது போதாது. மீர்பூர் சேரியில் 12 முதல் 18 மாதப் பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலை, சோயா, கச்சான் மாவும் பச்சை வாழைக்காயும் சேர்த்து மூன்று மாதம் கொடுத்தார்கள். வழமையான சத்துணவில் கலோரி இதைவிட அதிகம், ஆனாலும் இதைச் சாப்பிட்ட பிள்ளைகள்தான் நன்றாக நிறை கூடினார்கள் என்று 2021இல் வெளியிட்டார்கள். இந்த நாலில் எது ஹட்டன் சந்தையில் கிடைக்காது? நம் திரிபோஷாச் சத்துமாவிலும் சோயா இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளைக்கு வரும் பொதியை வீட்டில் நாலு பிள்ளைகள் பங்கு போடுகிறார்கள் என்பதையும் சொல்லிக் கொடு. காலையில் கோதுமை மா ரொட்டி, பகலில் மலையில் ரொட்டி, பல வீட்டில் இதுதான். பெருங்குடலுக்குப் போய்ச் சேர அதில் நார்ப்பொருள் எங்கே இருக்கிறது? பற்றீரியா நாரைப் புளிக்க வைத்துச் செய்யும் பியூட்டிரேற்றுதான் பெருங்குடல் சுவரின் கலங்களுக்கு முக்கியமான எரிபொருள் என்று படிப்பித்துவிட்டு, கௌபிப் பயறு கிலோ என்ன விலை என்று அவர்களிடமே கேள். தெரியாவிட்டால் விசாரித்துக்கொண்டு வரச் சொல்.

தண்ணீருக்கு உன் தாளில் இடமே இல்லை. உனக்கு ஒரு வயதில் மாதம் தவறாமல் வயிற்றுப்போக்கு. நிறை பார்க்கும் அட்டையில் உன் கோடு ஐந்து மாதம் படுத்தே கிடந்தது. பாலும் முட்டையும் பருப்பும் அம்மா கொடுத்துத்தான் வந்தாள். மேலே லயத்துக் கக்கூஸ் கசிந்து பீலித் தண்ணியில் கலந்திருந்ததைக் கண்டுபிடித்து, குழாயை வேறு ஊற்றுக்கு மாற்றிய பிறகுதான் உன் கோடு நிமிர்ந்தது. அழுக்கு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் மழுங்கிவிடும், சுவர் கசியும், போட்ட சோறு உடம்பில் ஒட்டாது. அதற்காகச் சோப்பும் வாளியும் கொடுத்தால் போதும் என்றும் சொல்லிவிடாதே. பங்களாதேஷ், கென்யா, சிம்பாப்வே மூன்று நாட்டிலும் வீட்டுக்கு வீடு கை கழுவ வசதி, கக்கூஸ், குளோரின் என்று கொடுத்துப் பார்த்தார்கள், பிள்ளைகளின் உயரம் கூடவில்லை. 2018, 2019இல் வந்த முடிவுகள். அந்தளவு உதவி போதவில்லை. லயத்தை வைத்துக்கொண்டு தாய்க்கு மட்டும் சுத்தம் போதித்து இது தீராது. போசணையாளர் இதைப் பிரதேச சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுதிக் கொடுக்கிற ஆளாக இருக்க வேண்டும்.

இரும்புச்சத்துப் பக்கம் நன்றாக இருக்கிறது. இரும்புத் தூள் சேர்த்த கென்யாக் குழந்தைகளுக்குக் குடலில் நோய் தரக்கூடிய ஈ.கோலைப் பற்றீரியா வகைகள் கூடின என்ற 2015 ஆய்வைச் சொல்லும்போது மட்டும் கவனம். அரைகுறையாகக் கேட்டுவிட்டு யாராவது கர்ப்பிணிகளிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டால் பெரிய கேடு. சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடிக்காமல் ஒரு மணி நேரம் விட்டுக் குடி என்பது காசில்லாத வைத்தியம், அதைப் பெரிய எழுத்தில் போடு. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் பெரும்பகுதி செமிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பற்றீரியாக்களால்தான் உடைக்கப்படுகின்றன என்பதையும் சேர்த்தால் நம் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள்.

மலத்தைச் சோதித்துக் 'குடல் புள்ளி' போட்டுத் தரும் கம்பனிகளைப் பற்றி நீ எழுதியதோடு ஒத்துப்போகிறேன். ஆரோக்கியமான குடல் இதுதான் என்று ஒரே அளவு இன்னும் யாரிடமும் இல்லை. அதை அப்படியே சொல்.

கடைசியாக, 14ஆம் பக்கத்தில் வீங்கிய காலோடு ஒரு பிள்ளையின் படம் போட்டிருக்கிறாய், முகம் தெரிகிறது. அதை எடுத்துவிடு மகள். காலை மட்டும் காட்டினாலும் மாணவர்களுக்கு அறிகுறி புரியும்.

செயலமர்வின் இரண்டாம் நாளை இங்கே வைக்க முடியுமா என்று உன் மேலதிகாரியிடம் கேட்டுப் பார். பணிய லயத்தில் நாலைந்து வீட்டில் பேசி வைக்கிறேன். பிள்ளைகள் அடுப்படியில் உட்கார்ந்து சமையலைப் பார்க்கட்டும், பீலி வரைக்கும் நடந்து வரட்டும். மழைக் காலம், அட்டை கடிக்கும், முழுச் சப்பாத்து போட்டு வரச் சொல். அத்தனை பேருக்கும் பகல் சாப்பாடு அம்மா பார்த்துக்கொள்வாள். சோறு, பருப்பு, பலாக்கொட்டைக் கறி, வல்லாரைச் சம்பல் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தயிர் மட்டும் நீ வாங்கி வர வேண்டுமாம்.

பதில் போடு.

அன்புடன்
அப்பா