நிலையத்துக்கு மதில் வேண்டாம்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய நிர்வாக சபையினருக்கு,

வணக்கம். வெளிநாட்டிலுள்ள ஊரவர்கள் அனுப்பிய பணத்தில் நிலையத்தைச் சுற்றி மதிலும் இரும்புக் கேற்றும் போடத் தீர்மானித்திருக்கிறீர்கள் என்று அறிந்தேன். அதைக் கைவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

போன மாரியில் ஒரு விடிகாலை எனக்குக் கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டு அம்மா கிணற்றடியில் விழுந்து கிடப்பதை மகள் அங்கிருந்தே கமராவில் கண்டிருக்கிறார். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம், இருபது அடிகூட இல்லை. அந்த அம்மா கூப்பிட்டது எங்களுக்குக் கேட்கவில்லை. கேற்றும் பூட்டு. ஏணி வைத்து மதிலேறிக் குதித்துத்தான் தூக்கினோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

அந்த மதில் நான் கட்டியது. முன்பு அவ்விடத்தில் கிளுவைக் கதியாலும் பனையோலையுமாக வேலி நின்றது. மூலையில் ஒரு பொட்டு, வேலியில் விட்ட சின்ன இடைவெளி. அதால் கறிச்சட்டி போகும், உறைமோர் வரும், ஆடிப்பிறப்புக் கூழ் போகும். அங்கே இருமினால் இங்கே கேட்கும். வேலி அடைக்கிற நாளில் இரண்டு வீட்டாரும் வெயிலில் நிற்போம். பிறகு அடைக்க ஆளில்லை, ஓலையும் கூலியும் விலை ஏறின, களவுப் பயமும் வந்தது. மதில் கட்டினேன். ஒரு சின்னப் படலையாவது விட வேண்டுமென்று அப்போது தோன்றவே இல்லை.

பழைய ஊரைப் பொன்னாகச் சொல்ல வரவில்லை. கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்கு வழக்காடிய சனம் நாங்கள். எல்லோரையும் கிணற்றில் அள்ளவிடாத சனமும் நாங்கள்தான். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், உள்ளே விடும்படி எங்களிலேயே சாதியால் ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியினர் போராட வேண்டியிருந்தது. அந்தக் கட்டு அறுந்து, பிள்ளைகள் தாங்கள் விரும்பியதைப் படித்து விரும்பியவரை மணப்பதில் எனக்குச் சந்தோசமே.

ஆனால் 1995 ஒக்ரோபர் 30 இரவையும் நான் மறக்கவில்லை. போருக்கு அஞ்சி, யாழ்ப்பாணத்து வலிகாமமே மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தது. தென்மராட்சியில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் விறாந்தையை எங்களுக்குத் தந்தது. சித்திரையில் திரும்பும்வரை ஒரே கிணறு, ஒரே அடுப்பு. நாங்கள் என்ன சாதி என்று அவர்கள் கேட்கவேயில்லை.

இப்போது செத்தவீட்டுக்குக்கூடப் பந்தல், கதிரை, சாப்பாடு எல்லாம் காசுக்கு வந்து இறங்குகின்றன. முன்பு அந்த வீட்டில் அடுப்பு மூட்டாதபடி அயல்தான் காய்ச்சிக் கொடுக்கும். சுமை குறைந்தது உண்மை. ஆனால் வேலை இல்லாததால் அயலும் வேகமாக எழும்பித் தன் வீட்டுக்குப் போய்விடுகிறது.

மதிலுக்கென்று ஒதுக்கிய பணத்தில் வாசிகசாலையை இரவு எட்டு மணிவரை திறந்து வையுங்கள்; ஐந்து மணிக்குப் பூட்டினால் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? தனியே இருக்கும் முதியவர்களுக்கு ஒரு பதிவேடு தொடங்குங்கள். காலையில் ஒருவர் போய்ப் படலையில் நின்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒழுங்கைக்கு ஒருவர் போதும். எங்கள் ஒழுங்கைக்கு நான் போகிறேன்.

வரும் பொதுக்கூட்டத்துக்கு எங்கள் ஒழுங்கைப் பட்டியலைக் கொண்டு வருகிறேன். இதுவரை ஏழு பேர்.

இப்படிக்கு,
நிலையத்தின் பழைய அங்கத்தவர் ஒருவர்