பஜனை இன்னும் வருகிறதா என்று கேட்டாயே

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கையால் எழுதிய கடிதம் இப்போது இந்தத் தெருவுக்கே அபூர்வம் என்பதால் தபால்காரர் வாசலில் நின்று இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குப் பாளையங்கோட்டையிலேயே வேலை கிடைத்துவிட்டது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. பெய்த மறுநாளே தேரி மணல் எல்லாவற்றையும் குடித்துவிடுகிறது.

கடைசி வரியில், "இன்னும் பஜனை வருகிறதா?" என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத வரவில்லை. அதனால்தான் இத்தனை தாமதம்.

டிசம்பர் பிறந்தால் எங்கள் கிறிஸ்துமஸ் பஜனைக்கு, விடிகாலை மூன்றரைக்குக் கோவில்குட்டியார், அதுதான் எங்கள் சர்ச்சுப் பணியாள், மணி அடிப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? சபை ஊழியரான உபதேசியார் கழுத்தில் ஆர்மோனியம் தொங்கும். பெட்ரோமாக்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் முன்னால் போவார். அந்த வெளிச்சத்துக்குள் இடம் பிடிக்கத்தான் நாம் இருவரும் ஓடுவோம். நீ எங்கள் பஜனைக்கும் வருவாய், மார்கழி பிறந்ததும் உங்கள் அம்மன் கோவில் பஜனைக்கும் போவாய். சில நாள் இரண்டு கூட்டமும் ஒரே தெருவில் எதிர்ப்படும். ஒரு கூட்டம் பாடி முடிக்கும்வரை மற்றது ஓரமாக நிற்கும். அப்படி நிற்கச் சொல்லி யாரும் பேசி வைத்ததாக எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் அத்தை இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே பானையில் சுக்குக் காப்பி போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கருப்பட்டி வாசனையை இன்றைக்கும் என்னால் நினைவில் முகர முடிகிறது.

ஸ்டார் கட்டிய கதையை உன் பேத்திக்குச் சொன்னாயாமே. சரியாகச் சொன்னாயா? மூங்கிலைச் சீவிப் பத்துக் குச்சி. ஐந்தைந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளை நூலால் இறுக்க வேண்டும். அப்புறம் நடுவில் ஐந்து சிறு குச்சிகளை நட்டுக் கொடுத்தால்தான் வயிறு உப்பி நிற்கும். நடுக்குச்சி ஒன்று குட்டையாகப் போனாலும் ஸ்டார் ஒரு பக்கம் சப்பிப் போகும். நீ வெட்டினால் ஐந்தும் ஒரே அளவாக இருக்கும், எனக்கு அது வந்ததே இல்லை. மைதாவைக் காய்ச்சிப் பசை எடுத்து, பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் போடுவோம். கையை நன்றாகக் கழுவாமல் பலகாரத்தைத் தொடக்கூடாது என்று அம்மா ஆயிரம் தடவை சொல்வாள். கலர்ப் பேப்பர் ஒட்டி வேப்பமரத்து உச்சியில் ஏற்றிய அன்று ராத்திரியே மழை வரும். காலையில் எலும்புக்கூடுதான் ஆடிக்கொண்டிருக்கும். மறுபடியும் பேப்பர், மறுபடியும் பசை. 1978-இல் மூன்று தடவை ஒட்டினோம்.

இப்போது பிளாஸ்டிக் ஸ்டார். மழைக்குக் கிழியாது, ஐந்து நிமிஷத்தில் மாட்டிவிடலாம். நானும் அதைத்தான் வாங்குகிறேன். முந்திரிக்கொத்தும் கடையில் கிடைக்கிறது, முதலூர் மஸ்கோத் அல்வா எந்த மாதமும் கிடைக்கிறது. இதிலெல்லாம் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அடுப்படிப் புகையில் அம்மா நாள்கணக்காகக் கை முறுக்குச் சுற்றி நிமிர முடியாமல் எழுந்ததை நான் பார்த்தவன். அந்த வேலை போனதில் எனக்கு நிம்மதிதான்.

வருத்தம் வேறு. பஜனை, கேரல் ரவுண்ட்ஸ் ஆகி வண்டி ஏறிவிட்டது. ஒலிபெருக்கி, கிறிஸ்துமஸ் தாத்தா, கையில் ஒரு பட்டியல். பட்டியலில் இருக்கும் வீடுகளில் மட்டும் வண்டி நிற்கும், ஒரு பாட்டு, ஒரு ஜெபம், காணிக்கை, அடுத்த வீடு. நடந்து போன காலத்தில் பஜனை எல்லா வாசலையும் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் எல்லா வாசலும் அதற்குள் இருந்தது. வண்டி வந்த பிறகு உங்கள் தெரு முழுவதும் விட்டுப்போயிற்று. யாரும் வேண்டாம் என்று தள்ளவில்லை மக்கா. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தை நீ டிவியில் பார்த்திருப்பாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. எங்கள் சர்ச் வளாகத்தில் அண்டா வைத்துப் பொங்கினோம். உங்கள் தெருப் பெண்கள் தேங்காய் துருவினார்கள், நம் பள்ளிவாசல் தெருப் பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் பொட்டலங்களைக் கொண்டுபோனார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஸ்டார் இல்லை, புதுத்துணி இல்லை. ஆனால் அரிசி களைந்துகொண்டே ஒரு கிழவி பழைய பஜனைப் பாட்டை முனகினாள். பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த உன் சித்தியும் சேர்ந்து பாடினார்கள், ஒரு சொல் பிசகாமல்.

அது மனதிலேயே கிடந்தது. அடுத்த வருஷம் வாலிபர் கூட்டத்தில் எழுந்து, ஒரே ஒரு நாள் நடந்து போவோம், பட்டியல் வேண்டாம் என்றேன். முதலில் தயங்கினார்கள். அப்புறம் பதினேழு பேர் வந்தார்கள். ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை பேசவில்லை, பெட்ரோமாக்ஸுக்குப் பதில் செல்போன் வெளிச்சம். உங்கள் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. உன் வீட்டுப் பூட்டிய கதவுக்கு முன்னாலும் நின்று ஒரு பாட்டு முழுவதும் பாடினோம். ஏன் இங்கே நிற்கிறோம் என்று ஒரு பையன் கேட்டான். சுக்குக் காப்பிக் கதையைச் சொன்னேன். மறுநாள் பலகாரத் தட்டு கொடுத்து அனுப்பினேன். உன் சித்தி, அத்தை செய்வதுபோலவே, தட்டு நிறையச் சீனி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

இந்த வருஷமும் நடக்கிறோம், 20-ஆம் தேதி. மூங்கில் வெட்டிக் காயப்போட்டிருக்கிறேன், நடுக்குச்சி மட்டும் வெட்டவில்லை. பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. உன் வீட்டுச் சாவி சித்தியிடம் இருக்கிறது, முன்கூட்டியே ஒரு வரி போட்டால் கூட்டி வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் கூட்டாளி