ஊறிவிடுகிறதாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு அறிவியல் பக்கத்தில், ‘மணலில் நீர் ஊறுவதுபோல் வைட்டமின் பி12 பாக்டீரியாவுக்குள் ஊறிவிடுகிறது’ என்று ஒரு வரி. 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் நடத்தியவன் இதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

பி12-இன் மூலக்கூறு எடை ஏறக்குறைய 1,355. ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்விலுள்ள சாதாரணத் துளைகள் 600-க்கு மேல் போனால் விடமாட்டா. தாங்கள் அறியாததல்ல. அதனால்தான் பி.டி.யூ.பி. என்ற மரபணு, பி12-க்கென்றே தனி மதகு கட்டுகிறது. அந்த மதகும் தானாகத் திறக்காது. வெளிச்சவ்வுக்குச் சொந்தமாக ஆற்றல் கிடையாது. உட்சவ்விலிருந்து டான்-பி என்ற புரதம் கை நீட்ட வேண்டும். ஷட்டர் வாய்க்காலில், சாவி மதகைத் திறக்கும் லஸ்கர் வீட்டில்! நுழைந்ததை வாங்கிக் கொடுக்க இன்னொரு புரதம். உட்சவ்வைத் தாண்டி இழுக்க, ஏ.டி.பி. என்ற செல்லின் எரிபொருளை எரிக்கும் பம்பு வேறு. மதகு கட்டும் அந்த பி.டி.யூ.பி. மரபணு பழுதானால் பி12 வெளியிலேயே நிற்கும். (அதே மதகைப் பிடித்து நுழையும் பி.எஃப்.23 என்ற வைரஸும் கூடவே நிற்கும். அது பாக்டீரியாவின் அதிர்ஷ்டம்.)

எனக்கே பி12 குறைந்து, பாதம் மரத்து, ஊசி போட்டுக்கொள்கிறேன். இரைப்பையில் சுரக்க வேண்டிய ஒரு புரதம் எனக்குச் சுரக்கவில்லையாம். மனிதக் குடலின் கதை வேறுதான்; ஆனாலும் ஊறுமென்றால் ஊசி எதற்கு ஐயா?

கட்டுரையாளரை மட்டும் சொல்வானேன்? ‘கடைமடை வரை பாய்ந்தது காவிரி’ என்று தாங்கள் முதல் பக்கத்தில் படம் போட்ட அன்று, கடைமடை ஊரான தலைஞாயிற்றில் என் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. மூன்று பத்தியில் கடிதம் எழுதினேன். மரியாதைக்காகத் தொடக்கத்தில் எழுதிய பாராட்டை மட்டும் வெளியிட்டீர்கள். இன்றும் ஊரில் என்னைத் தங்கள் பத்திரிகையின் ரசிகன் என்றே நினைக்கிறார்கள். அட்சய திருதியைக்கு அரைப் பக்கத்தை நகைக்கடை விளம்பரத்துக்குக் கொடுத்தீர்களே, அந்த வாரம் அறிவியலே வராமல் போயிருந்தாலும் வருந்தியிருக்கமாட்டேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ‘ஊறிவிடுகிறது’ என்பதை ‘ஏற்றிச் செல்லப்படுகிறது’ என்று திருத்தி வெளியிடுங்கள். நீட் தேர்வுக்குப் படிக்கும் என் பேத்தி அந்தக் கட்டுரையைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவிட்டாள். அதே எழுத்தளவில், அதே பத்தி அகலத்தில் அச்சிட்டால் மேலேயே ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
தலைஞாயிறு.