தீ வரும் வழி

யீஷூன்
10 அக்டோபர் 2025

அன்புள்ள செல்வா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் கமலாவுக்கு நிம்மதி. இங்கே சிங்கப்பூர் தேக்காவில் தீபாவளிக் கூட்டம் அலைமோதுகிறது.

சரி, பல நாளாக மனத்தில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். போன டிசம்பரில் மெல்போர்ன் பக்கத்து உன் டாண்டெனோங் மலைவீட்டுக்கு வந்தபோது, ஏணி போட்டுக் கூரை ஓரத்துக் கட்டரில், அந்த மழைநீர் வாய்க்காலில், கையை விட்டேனே, கைநிறைய யூகலிப்டஸ் சருகு. நெரித்ததும் அப்பளம்போல் நொறுங்கியது. "காடு எங்கேயோ எரிந்தால் எனக்கென்ன" என்றாய். அன்றைக்கு மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கப்பல் பட்டறையில் வெல்டிங் முடிந்த பிறகும் ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்துவோமே, நினைவிருக்கிறதா? கண்ணெதிரே தெறிக்கும் பொறி அணைந்துவிடும். இடுக்கில் போய் உட்கார்ந்த பொறிதான் அரைமணி கழித்துப் புகையும். காட்டுத்தீயிலும் இதே கதைதான். தீ நாக்கு வீட்டைத் தொடவே வேண்டாம். கிலோமீட்டர் கணக்கில் பறந்து வரும் தணல் போதும். 1961-ல் இங்கே புக்கிட் ஹோ சுவீ குடிசைப்பகுதி எரிந்தபோதும் காற்றுதான் பொறியை அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கூரை கொண்டுபோய்ப் போட்டது. சாலையைத் தாண்டியும் பற்றியது. ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள்.

அதனால் தணல் உட்காரக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார். முதலில் கட்டர். உன் வயதில் நீ ஏறாதே, ஆள் வைத்துச் சுத்தம் செய். அதற்கு பிளாஸ்டிக் மூடி போட்டால் உருகிவிடும், உலோக வலைதான் சரி. கூரைக்கு அடியிலும் தரைக்கு அடியிலும் உள்ள காற்றுத் துளைகளுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத எஃகு வலை அடிக்கச் சொல். மரத் திண்ணைக்கு அடியில் அடுக்கியிருக்கிறாயே விறகு, அதைப் பார்த்துத்தான் எனக்கு அடிவயிறு கலங்கியது. அதை வீட்டிலிருந்து 10 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் அடுக்கு. வாசலில் கிடக்கும் தேங்காய்நார் மிதியடியையும் வெயில் காலத்தில் எடுத்து உள்ளே வை. சுவரோரம் கொட்டிய மரத்தூளுக்குப் பதிலாகக் கூழாங்கல் போடலாம்.

அப்புறம் ஒன்று. இத்தனையும் செய்துவிட்டோம் என்று வீட்டைக் காக்க நின்றுவிடாதே. 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி உங்கள் விக்டோரியாவில் காட்டுத்தீக்கு 173 பேர் பலியானார்கள். தீப் பேரபாய நாள் என்று முதல் நாளே அறிவித்தால், தங்கச்சியை அழைத்துக்கொண்டு விடியுமுன் மலையை விட்டு இறங்கிவிடு. இறங்கியதும், எந்த நேரமானாலும் எனக்கு போன் போடு.

அன்புடன்,
ராசு