சாலயம் ஓட்டத்துக்கு ஒரு நடைபாதை வேண்டும்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி மாதம் சிவராத்திரிக்கு முந்தின நாள், முஞ்சிறை திருமலை மகாதேவரைத் தொழுது, காவியும் கையில் பனையோலை விசிறியுமாக "கோவிந்தா... கோபாலா" என்று கிளம்பும் கூட்டத்தில் நானும் ஒருவன். பன்னிரண்டு சிவன் கோயில்களையும் ஓடித் தொழும் இந்தச் சிவாலய ஓட்டத்தைத்தான் எங்கள் பேச்சில் சாலயம் ஓட்டம் என்போம். பதினாலு வயதில் பாட்டாவோடு போனது முதல் ஓட்டம். இப்போது வயது ஐம்பத்தொன்று. இடையில் விட்டது மூன்றே வருடம்.

தாங்கள் வெளியூரிலிருந்து வந்தவராக இருந்தால், சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் ஏன் கோவிந்தனைக் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும். பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகத்திடம் பால் வாங்க வந்த பீமன், கண்ணன் கொடுத்த பன்னிரண்டு ருத்திராட்சத்தோடு "கோவிந்தா கோபாலா" என்று கூவிக்கொண்டு ஓடினான். சிவனைத் தவிர வேறு பெயரே காதில் விழக்கூடாத அந்த மிருகம் துரத்திப் பிடித்தபோதெல்லாம் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட்டான். விழுந்த இடமெல்லாம் சிவாலயம். கடைசி இடமான திருநட்டாலத்தில் அரியும் சிவனும் ஒன்றென்று அதற்குத் தெரிந்தது. இது எங்கள் ஊரில் பாட்டிமார் சொல்லும் கதை.

இந்தப் பன்னிரண்டு கோயிலும் சேர்ந்தால் 100 கிலோமீட்டருக்கு மேல். ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரி. செருப்பு கிடையாது. ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி, ஈரத்துணியோடே சாமிக்கு விசிறி வீசிவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓட்டம். இந்தத் தூரத்துக்குள் எத்தனை விதமான மண் காலில் படுகிறது தெரியுமா! திக்குறிச்சியில் ஆற்று மணல். சிதறால் பக்கம் சமணர் தங்கள் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்த மலை இருட்டில் கறுப்பாக நிற்கும். அருமனை, களியல் தாண்டினால் ரப்பர் விளைகளின் குளிர். திற்பரப்பில் அருவிச் சத்தம் முதலில் வரும், கோயில் பிறகுதான் கண்ணில் படும். திருநந்திக்கரையில் பாறையைக் குடைந்த குகைக்கோயில். அடுத்த நாள் வெயிலில் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தின் கோட்டைச் சுவர். அங்கே கல்குளம் நீலகண்டசாமி. வேளிமலை அடிவாரத்தில் மேலாங்கோடு. பிறகு, அந்த நாட்டுக்கே பெயர் கொடுத்த திருவிதாங்கோடு. அந்த ஊரிலேதான் இயேசுவின் சீடர் தோமையார் கட்டியதாகச் சொல்லும் பழைய கிறிஸ்தவக் கல்கோயிலும் இருக்கிறது. முடிவில் சேரும் நட்டாலமோ 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை பிறந்த ஊர். வழிநெடுக யார் யாரோ சுக்குநீரும் மோரும் கஞ்சியும் நீட்டுகிறார்கள். வாங்கிக் குடிப்பவன் ஆளைப் பார்ப்பதில்லை, கொடுப்பவரும் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்ட வழிக்கு இன்று நடக்கப் பாதை இல்லை. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பாட்டா என்னைக் கூட்டிப்போனது பாதிக்கு மேல் சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயின் கரையிலும், வயல் வரப்பிலும், விளைகளுக்கு இடையே போகும் ஊடுவழியிலும். அந்த வழிகளில் சில இன்று வீட்டு மதிலுக்குள் போய்விட்டன. சிலவற்றில் முள்வேலி. மிச்சத்தில் ஆள் நடமாட்டம் இல்லாமல் காடு ஏறிக்கிடக்கிறது. ஆகவே கூட்டம் முழுவதும் தார்ச்சாலைக்கு வந்துவிட்டது. கழிந்த ஆண்டு பொன்மனை தாண்டி ஒரு வளைவில், எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூச, எங்களோடு வந்த பையன் ஓரத்துக்குத் துள்ளினான். ஓரத்தில் உடைந்த பாட்டில். குதிகாலில் இரண்டங்குல நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. ஈரத்துண்டைக் கிழித்துக் கட்டினோம். அவன் அழவில்லை. "மாமா, நட்டாலம் வரைக்கும் வந்திருவேன்" என்றான். அடுத்த கோயிலோடு அவனைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

வண்டியில் போகிறவர்களைக் குறை சொல்ல வரவில்லை. முடியாதவர்கள் வேனில்தான் வர வேண்டும். ஆனால் நடக்கிறவனும் பைக்கும் வேனும் ஒரே ஒடுங்கிய சாலையில் ராத்திரி முழுக்க ஓடுவது ஆபத்து. அந்த இரண்டு நாள் காவல்துறை பந்தோபஸ்து நல்லபடி இருக்கிறது, ஆம்புலன்சும் நிற்கிறது. மூன்றாம் நாள் எல்லாம் போய்விடும். எனக்கு வேண்டியது வருடம் முழுக்க இருக்கும் பாதை.

ஸ்பெயினில் சந்தியாகோவுக்கு நடக்கும் யாத்திரை வழியைப் பற்றித் தாங்கள் அறிந்திருப்பீர்கள். பிரான்ஸ் எல்லையிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர். 1993-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே, 1984-ல், ஓ செப்ரெய்ரோ என்ற மலையூரின் பங்குச்சாமியார் எலியாஸ் வாலிஞ்ஞா மஞ்சள் பெயிண்டோடு கிளம்பி, வழி தவறும் இடங்களிலெல்லாம் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். இன்றும் அந்த மஞ்சள் அம்பைப் பார்த்துத்தான் உலகம் நடக்கிறது. அங்கே நடந்ததற்குச் சான்றிதழ் பெறக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நம் ஓட்டம் அதைவிடக் கூடுதல்.

பெரிய செலவு கேட்கவில்லை. டைல்ஸ் வேண்டாம், வெறுங்காலுக்கு அது நெருப்பு. கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் எடுத்து, பழைய வழியில் எதெல்லாம் பாதைப் புறம்போக்கு, எதெல்லாம் சானல் கரை என்று வருவாய்த்துறையும் நீர்வளத்துறையும் சேர்ந்து அளந்து கல் நடட்டும். மண்பாதையாகவே இருக்கட்டும். திருப்பங்களில் ஒரு விசிறிப் படம் வரைந்தால் போதும், எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். குளத்துப் படித்துறைகளை மாசிக்கு முன்னால் மட்டுமல்ல, ஆடியிலும் ஐப்பசியிலும் சுத்தம் செய்யட்டும்.

இன்னொன்று, சுமைதாங்கிக் கற்கள். எங்கள் ஊர் முக்கில் ஒன்று நிற்கிறது. நிறைமாதத்தில் இறந்துபோன யாரோ ஒரு பெண்ணுக்காக வைத்தது. சந்தைக்குப் போனவர்கள் தலைச்சுமையை இறக்கி இறக்கி, மேல்கல்லின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு வழவழப்பாகிப் பள்ளம் விழுந்திருக்கிறது. கழிந்த மாதம் அதில் கம்பி கட்டி ஃபிளெக்ஸ் போர்டு நிறுத்தியிருக்கிறார்கள். இவற்றையும் அந்த அளவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இதே கோரிக்கையை ஒரு அலுவலகத்தில் இரண்டு முறை மனுவாகக் கொடுத்தேன். ரசீது இருக்கிறது, பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்க எழுதுகிறேன்.

மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு விடியற்காலையில் நீலகண்டசாமி கோயிலிலிருந்து மேலாங்கோடு வரை தாங்கள் எங்களோடு நடந்து வாருங்கள். சிறிய தூரம்தான். கிராம வரைபடத்தை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். விசிறி நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு கோவிந்தன்