பேத்திக்குக் கிடைத்த வேலை

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள முத்துவேல்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, செந்தூல் கோயில் வரை நீ மறுபடியும் நடந்து போய் வருவதறிந்து மகிழ்ச்சி. ஆனால், பேத்தி கோலாலம்பூரில் ஒரு மலாய் டேப்ளாய்டு நாளிதழில் நிருபராகச் சேர்ந்ததை ஏனோ துக்கச் செய்திபோல எழுதியிருக்கிறாய்.

தாளின் அளவு சிறியது என்பதால் ஒரு பத்திரிகை தாழ்ந்துவிடாது. இங்கே பினாங்கில் 1971இல் தொடங்கிய 'தி ஸ்டார்' கூட அந்த அளவில்தான் வந்தது. நீ அஞ்சுவது மஞ்சள் பத்திரிகைக்கு. நம் அப்பாக்கள் பேசிப் பேசி நம் காதில் ஏற்றிய பயம் அது. சென்னையில் நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சேற்றியும், அச்சேற்றாமலிருக்கப் பணம் கறந்தும் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944இல் குத்திக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் சிறை சென்ற தியாகராஜ பாகவதர் 1947இல் குற்றமற்றவராக வெளியே வந்தும் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை.

லண்டன் நிருபர்களை "என்ன இருந்தாலும் கெட்டிக்காரர்கள்" என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் நான் ஏற்க மாட்டேன். 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற லண்டன் வார இதழ் செய்ததில் என்ன கெட்டிக்காரத்தனம்? கைப்பேசி நிறுவனம் போட்டுக் கொடுத்த இரகசிய எண்ணைப் பலர் மாற்றாமல் விட்டிருந்தார்கள். அதைக் கொண்டு குரல் அஞ்சலைத் திறந்து கேட்டார்கள், அந்த வேலையையும் பெரும்பாலும் கூலிக்கு அமர்த்திய துப்பறிவாளரிடம் விட்டார்கள். 2002இல் கடத்திக் கொல்லப்பட்ட 13 வயது மாணவியின் கைப்பேசியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை என்பதை 2011 ஜூலையில் 'கார்டியன்' அம்பலப்படுத்தியதும், 168 ஆண்டு கண்ட அந்தப் பத்திரிகை அதே மாதம் மூடப்பட்டது. 2009 முதலே அந்த விவகாரத்தை விடாமல் துரத்திய நிக் டேவிஸும் ஒரு நிருபர்தானே? 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் பலரைப் பலிகொண்ட நெரிசலுக்குப் பிறகு, போலீஸ் தரப்புக் கதையைச் சரிபார்க்காமல் லிவர்பூல் அணியின் ரசிகர்கள்மீது 'தி சன்' நாளிதழ் பழி போட்டதையும் நான் சோம்பேறித்தனம் என்றே சொல்வேன். லிவர்பூலில் பலர் இன்றும் அந்த நாளிதழை வாங்குவதில்லை.

விபத்தில் மகனைப் பறிகொடுத்த வீட்டின் கதவைத் தட்டவும், வேண்டாமென்றால் பேசாமல் திரும்பவும் உன் பேத்தி இனிக் கற்றுக்கொள்வாள். நீதிமன்றத்தில் நாள் முழுக்கக் கேட்டதை ஒரு பெயரும் பிழையாகாமல் 150 சொல்லில் அடக்கவும் வேண்டும். மெய்ப்புத் திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் சொல்கிறேன், இரண்டாவதுதான் கடினம்.

அவள் பெயரோடு வரும் முதல் செய்தியை வெட்டி அனுப்பு. தலைப்பு எப்படியிருந்தாலும் அவளைக் கடிந்துகொள்ளாதே. அதை வைப்பவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் துணையாசிரியர்.

அன்புடன்,
சண்முகம்