காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசு பெற்றார்கள். ஆசிரியர் தினத்தையும் சிறப்பாக நடத்தினார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி, மேற்கு வேலியைப் பற்றி. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று தேரிச் செம்மணலை எப்படி வாரி இறைக்கும் என்று உவரிப் பக்கத்தில் வாழும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் மதியத்துக்குள் கரும்பலகையே சிவந்துவிடும். அதனால்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில், பிள்ளைகள் சங்கங்குப்பிப் போத்துகளை, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைகளை, வரிசையாக நட்டார்கள். உப்புக் காற்றில் கருகாத கடற்கரைச் செடி. எந்தப் பருவத்திலும் மொட்டையாகாது. இலை கசப்பதால் ஆடுகூட அதிகம் வாய் வைப்பதில்லை. இந்த ஆடியில் வகுப்பறைக்குள் மணல் வெகுவாகக் குறைந்திருந்தது.

ஆடு தொடாத அந்த வேலியில் இன்று மூன்று இடங்களில் வழி விழுந்திருக்கிறது. மாலை நான்கு மணிக்குப் பிள்ளையை அழைக்க வருபவர்கள் வாசலுக்குச் சுற்றி வராமல் மோட்டார் சைக்கிளைச் செடிமேல் ஏற்றி நிறுத்துகிறார்கள். படகு கரைசேரும் நேரம், பீடிக் கடைக்குப் போகும் அவசரம், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் போன வாரம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, முறிந்த கிளை ஒன்றை வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தாள். அதன் கணுவில் மூன்று வெள்ளைப் பூக்கள், நீண்ட ஊதாக் கேசரங்களோடு இன்னும் வாடாமல் இருந்தன. யார் வண்டி என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

கண்டிப்பாகவே சொல்கிறேன். பள்ளி திறந்த பிறகு வேலி வழியாக வண்டியோ ஆளோ வரக் கூடாது. எவராக இருந்தாலும், வாசல் வழியாக வந்தால்தான் பிள்ளையை அனுப்புவேன். சொறி சிரங்குக்கு இலை வேண்டுவோர் கேளுங்கள், நானே பறித்துத் தருகிறேன். கிளையை ஒடிக்க வேண்டாம்.

கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த தாய்மார்களையும், கன்றுகளைச் சுற்றிக் கட்டப் பழைய வலை தந்த மீனவப் பெற்றோர்களையும் நான் மறக்கவில்லை. உங்கள் கைபட்டு வளர்ந்த வேலி அது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் இடைவெளிகளில் மறுபடி போத்து நடுவோம். முடிந்தவர்கள் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வாருங்கள். மிக்க நன்றி.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்